முதல் வெடிக்கு ஒரு கனம், அடுத்ததற்கு வேறு: வால்தர் பி99 விசையைப் புரிந்துகொள்ள

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் துப்பாக்கியைக் கண்ணால் பார்க்காதவர் யாரும் இல்லை. நகைக்கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் ஜாகாவின் மடியில் ஒன்று, வங்கிக்குப் பணம் கொண்டுவரும் வேனிலிருந்து இறங்குபவரின் தோளில் ஒன்று, போலீஸ்காரரின் இடுப்பில் ஒன்று. செம்பனைக் கன்றுகளைத் தோண்டிப் போடும் காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் எடுத்து, நடுவில் மடக்கித் தோட்டா போடும் வேட்டைத் துப்பாக்கி வைத்திருப்பவர்களும் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் அங்கொருவர் இங்கொருவராக உண்டு. ஆனால் சொந்தக் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆளைக் காட்டு என்றால் ஊரே கையை விரிக்கும்.

அப்படியிருந்தும் டீக்கடையில் நாலு இளைஞர்கள் கூடினால் கைத்துப்பாக்கி நிறுவனங்களின் பெயர் சொல்லி, கிளாக் விசை (டிரிகர், விரலால் இழுத்துச் சுடும் பகுதி) சொதப்பல், வால்தர் விசைதான் வெண்ணெய், சிக் சாவர் கீழே விழுந்தால் வெடிக்கும் என்று அடித்துப் பேசுகிறார்கள். பேச்செல்லாம் கைப்பேசியில் பார்த்த வீடியோக்களிலிருந்து வந்தது. வீடியோவில் பேசுபவர்களோ பெரும்பாலும் அமெரிக்கர்கள். காசு கொடுத்து வாங்கி, வாரக் கடைசியில் சுடும் திடலுக்குப் போய் நூறு இருநூறு தோட்டாக்களைக் காலி செய்து, பிடிக்காவிட்டால் விற்றுவிட்டு வேறு வாங்குபவர்கள். அவர்களுடைய அனுபவம் பொய்யில்லை. ஆனால் அது யாருடைய அனுபவம், எந்தச் சூழலில் வந்தது என்று பார்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டால் விசை என்ற பொருளையே தவறாகப் புரிந்துகொள்வோம்.

இதைப் பேச வால்தர் பி99 நல்ல உதாரணம். அரச மலேசிய போலீஸ் படை பயன்படுத்தும் கைத்துப்பாக்கிகளில் அதுவும் ஒன்று. நம் ஊர் சாலைத் தடுப்பில் நிற்பவரின் உறையில் இருப்பது அதுவாகவே இருக்கலாம். அது மட்டுமில்லை, பாலிமர் (உறுதியான பிளாஸ்டிக்) கைத்துப்பாக்கிகளில் விசை பற்றி இவ்வளவு குழப்பத்தையும் இவ்வளவு பாசத்தையும் ஒருசேர வாங்கிய மாடல் வேறு இருக்கிறதா என்பதே சந்தேகம்.

முதலில் பாலிமர். உடல் பகுதியை பாலிமரில் வார்த்த கைத்துப்பாக்கியை 1970இலேயே ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் விபி70 என்ற பெயரில் கொண்டுவந்தது. அது பெரிதாக எடுபடவில்லை. அதன் விசை அத்தனை கனம், இழுத்து முடிப்பதற்குள் குறி எங்கோ போய்விடும் என்பதும் ஒரு காரணம். பாலிமரை உலகம் ஏற்றுக்கொள்ள வைத்தது 1982. அந்த ஆண்டு ஆஸ்திரிய ராணுவம் காஸ்டன் கிளாக் வடிவமைத்த கிளாக் 17ஐத் தேர்ந்தெடுத்தது. அதுவரை கைத்துப்பாக்கியே செய்திராத ஆள் அவர். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அமெரிக்கப் போலீஸ் படைகள் பல அவர் பக்கம் சாய்ந்தன.

கிளாக் செய்த பெரிய மாற்றம் எடையைக் குறைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையால் தள்ளிவிடும் பாதுகாப்புத் தாழ்ப்பாளை அது எடுத்துவிட்டது. அந்த வேலையை விசையின் தலையில் வைத்தது. விசையின் முகத்தில் ஒரு சின்னத் தகடு இருக்கும். விரல் அதை அழுத்தாவிட்டால் விசை பின்னால் நகராது. உள்ளே, தோட்டாவின் அடியில் குத்தி வெடிக்க வைக்கும் ஊசியைத் தடுக்கும் பின் ஒன்று உண்டு. மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு ஓடி முடிந்ததும் ஊசியின் சுருள்வில் பாதிதான் இழுபட்டிருக்கும். மீதியை நம் விரல் இழுத்து முடிக்க வேண்டும். அதனால்தான் கிளாக் விசை கண்ணாடி முறிவதுபோல் 'டக்'கென்று விடாமல், கொஞ்சம் இழுவையாக, சேற்றில் நடப்பதுபோல இருக்கிறது என்று வைத்திருப்பவர்கள் குறைப்படுகிறார்கள். அவர்கள் விரலில் உணர்வது குறையே இல்லை, சுருள்வில் இழுபடுகிறது, அவ்வளவுதான். அந்த விசையை இழுக்க நிறுவனம் சொல்லும் கணக்கு சுமார் இரண்டரை கிலோ.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலானோர் பேசாத கணக்கு. நம் போலீஸ்காரர்கள் முன்பு வைத்திருந்த ஸ்மித் அண்ட் வெசன் .38 ரிவால்வர் முழுக்க எஃகு, ஏறக்குறைய ஒரு கிலோ. பி99 தோட்டா இல்லாமல் 630 கிராம் அளவில்தான். தோட்டா நிரப்பினாலும் ஒரு கிலோவைத் தொடாது. பி99இன் மிகக் கனமான இழுப்புக்கு வேண்டிய நாலு கிலோ பலத்தை ஒரு விரலால் செலுத்தும்போது, கையில் இருக்கும் பொருள் எவ்வளவு லேசாக இருக்கிறதோ அவ்வளவு எளிதில் அது ஆடும். அதே கனமான விசையை எஃகுத் துப்பாக்கியில் வைத்தால் பொறுத்துக்கொள்ளலாம். பாலிமரில் வைத்தால் குழல் முனை நடனமாடும். ஆக, பாலிமர் வந்த பிறகுதான் விசை பெரிய பேச்சாக மாறியது என்பதில் வியப்பில்லை. இடுப்புக்குச் சுகம் தந்தது விரலுக்குச் சிரமம் கொடுத்துவிட்டது.

வால்தருக்கு இதில் வேறொரு பரம்பரை உண்டு. 1929இல் வந்த பிபி மாடலிலேயே, முதல் முறை விசையை நீளமாக, கனமாக இழுத்தால் சுத்தி எழும்பி அடிக்கும், அடுத்த வெடியிலிருந்து ஸ்லைடே சுத்தியைத் தூக்கி வைத்துவிடும், விரலுக்கு வேலை குறைவு என்ற முறையை அவர்கள் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பிறகு ஜெர்மன் ராணுவத்தின் பி38க்கும் அதே முறை. எனவே 1990களில் கிளாக்குக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்தபோது, அந்த நிறுவனத்தின் கை இயல்பாகவே இந்த இரட்டைக் கன முறைக்குப் போனது. வடிவமைத்தவர் ஹோர்ஸ்ட் வெஸ்ப். அதற்கு முன் அவர் வேலை பார்த்தது கிளாக்கில். பாலிமர் உடலும் ஊசி முறையும் கிளாக் வழி, விசை வால்தர் வழி. இப்படிப் பிறந்ததுதான் பி99. 1997 வாக்கில் சந்தைக்கு வந்தது.

அதன் ஏஎஸ் ரகத்தின் விசை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். வீடியோக்களில் பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இது.

தோட்டா அடுக்கிய மேகசினைச் செருகி ஸ்லைடை முழுக்க இழுத்து விடுகிறீர்கள். ஊசி முழுசாக இழுபட்டு, வெடிக்கத் தயாராக நிற்கிறது. சாதாரணமாக இந்த நிலையில் விசை பின்னால் வந்து நிற்க வேண்டும். பி99 ஏஎஸ்ஸில் அது முன்னாலேயே நிற்கும். இழுத்தால் நீண்ட தூரம் லேசாக, எதிர்ப்பே இல்லாததுபோல் வரும். பிறகு ஒரு சுவர் தட்டும். அந்தச் சுவரைத் தாண்ட சுமார் இரண்டு கிலோ. மோட்டார் சைக்கிளின் முன் பிரேக்கை அழுத்தும்போது முதலில் சும்மா வந்து, பிறகு பிடிக்கத் தொடங்குமே, அந்த மாதிரி. ஏஎஸ் என்பது 'பதற்றத்துக்கு எதிரானது' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம். பதற்றத்தில் விரல் விசைக்குள் போய்விட்டாலும், வெடிப்பதற்கு முன் விரலுக்கு ஒரு நீண்ட தூரம் கிடைக்கட்டும் என்பது யோசனை.

வெடித்த பிறகு விசை பின்னாலேயே நின்றுவிடும். அடுத்த வெடிக்குக் கொஞ்ச தூரம்தான், அதே இரண்டு கிலோ. தொடர்ந்து சுடும் வரை இதுதான்.

மூன்றாவது நிலை ஒன்று உண்டு. ஸ்லைடின் மேல் இடது பக்கத்தில் தட்டையாக ஒரு பொத்தான். அதை அழுத்தினால் இழுபட்டிருந்த ஊசி வெடிக்காமலேயே தளர்ந்துவிடும். இப்போது உள்ளே தோட்டா இருந்தாலும் ஊசி ஓய்வில். இந்த நிலையில் விசையை இழுத்தால் நீளமும் உண்டு, கனமும் உண்டு. சுமார் நாலு கிலோ. பல போலீஸ் படைகள் உறைக்குள் வைக்கச் சொல்வது இந்த நிலையில்தான். ஊசி இழுபட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஸ்லைடின் பின்பக்க ஓட்டையில் சிவப்புப் பூசிய முனை எட்டிப் பார்க்கும். இருட்டில் கட்டைவிரலாலேயே தடவித் தெரிந்துகொள்ளலாம்.

ஒரே துப்பாக்கியில் மூன்று விதமான இழுப்பு. அனுபவங்கள் முரண்படுவதற்கு இதுதான் காரணம். புதிதாக வாங்கியவர் பெட்டியைத் திறந்து ஸ்லைடை இழுத்து, விசை தொளதொளவென்று முன்னால் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்கு ஓடுகிறார். ஆயிரம் தோட்டா சுட்டு முடித்தவர் இதைவிட அருமையான விசை பாலிமரில் கிடையாது என்கிறார். முன்னவர் தொட்டது முதல் நிலையை, பின்னவர் பேசுவது இரண்டாவது நிலையை. மூன்றாவது நிலையைச் சுடும் திடலில் பயிற்சி செய்பவர்கள் குறைவு. பொழுதுபோக்குக்குப் போகிறவர் வெடிக்கு வெடி பொத்தானை அழுத்தித் தளர்த்திக்கொண்டு இருப்பாரா? ஆனால் கடமைக்குத் தூக்கிச் செல்பவருக்கு அந்த மூன்றாவது நிலைதான் முக்கியம். அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை சுட நேர்ந்தாலும் அந்த வெடி நாலு கிலோவில்தான் தொடங்கும்.

ஊரில் ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜன் ஒருவர் இருக்கிறார். ரிவால்வர் காலத்தில் சேர்ந்து, அடுத்த தோட்டாவைத் தானாக ஏற்றிக்கொள்ளும் தானியங்கிக் கைத்துப்பாக்கி வந்த பிறகு ஓய்வு பெற்றவர். பி99 என்றில்லை, இந்த இரட்டைக் கன முறையைப் பற்றியே கேட்டேன். "பழைய ரிவால்வர்ல ஆறு வெடியும் ஒரே இழுப்புதான் தம்பி, கை பழகிடும்" என்றார். "புதுசுல மொத வெடிக்கு ஒரு இழுப்பு, அடுத்ததுக்கு வேற இழுப்பு. குறி அட்டையில மத்ததெல்லாம் கூடி நிக்கும். ஒண்ணு மட்டும் தனியா கீழ எடப்பக்கம் நிக்கும் பாருங்க, அது மொத வெடி."

அது ஏன் கீழ் இடப்பக்கம்? அவர் வலக்கைக்காரர். கனமான விசையை இழுக்கச் சுட்டுவிரல் சிரமப்படும்போது மற்ற மூன்று விரல்களும் சேர்ந்து இறுகும். அந்த இறுக்கம் குழல் முனையைக் கீழேயும் இடப்பக்கமும் தள்ளும். இடக்கைக்காரருக்கு அது வலப்பக்கம் போகும். துப்பாக்கியை மாற்றினால் இது தீராது. தோட்டா இல்லாமல் விசையை ஆயிரம் முறை இழுத்துப் பழகினால் ஓரளவு தீரும். வெளிநாட்டில் சொந்தமாக வைத்திருப்பவர் வீட்டுச் சுவரைப் பார்த்து இதைச் செய்யலாம். பணி முடிந்ததும் ஆயுதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவருக்கு அந்த வசதி இல்லை.

கனமான விசை பாதுகாப்பானது, லேசான விசை ஆபத்தானது என்று முடித்துவிடலாமா என்றால், நியூயார்க் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அங்கே போலீஸ் நிர்வாகம் ரிவால்வரிலிருந்து தானியங்கிக்கு மாறியபோது, தவறுதலாக வெடிப்பதைத் தடுக்க விசையின் கனத்தை 12 பவுண்டுக்கு ஏற்றி வைத்தது. ஏறக்குறைய ஐந்தரை கிலோ. கிளாக்குக்கு அதற்கென்றே தனிச் சுருள்வில் உண்டு, பெயரே நியூயார்க் விசை. 2012 ஆகஸ்ட் 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன்னால் ஒரு கொலைகாரனை நோக்கி இரண்டு போலீஸ்காரர்கள் 16 வெடிகள் சுட்டார்கள். அவன் இறந்தான். வழியில் போன ஒன்பது பேருக்கும் காயம், சிலருக்கு நேரடித் தோட்டாவால், மற்றவர்களுக்குச் சிதறிய துண்டுகளால். அந்தக் கனமான விசைதான் குறியைக் கெடுத்தது என்று அப்போது பலர் எழுதினார்கள். கூட்டம், பதற்றம், மிகக் குறைந்த தூரம் எல்லாம் சேர்ந்த நிகழ்வு அது. விசை ஒன்றின் மேல் மட்டும் பழியைப் போட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கனத்தை ஏற்றினால் ஒரு வகை விபத்து குறைந்து இன்னொரு வகை வாசலில் வந்து நிற்கும் என்பதை மறுக்க முடியாது.

இன்னொரு பக்கம் சிக் சாவர் பி320. 2014இல் வந்தது. விசை இதமாக, லேசாக இருக்கிறது என்று ஆரம்பத்தில் புகழ் மழை. 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் அதன் ஒரு வடிவத்தை எம்17 என்று தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், குறிப்பிட்ட கோணத்தில் பின்பக்கம் தரையில் படும்படி விழுந்தால் அது தானாக வெடிக்கிறது என்று சோதனைகள் காட்டின. காரணம் வேடிக்கையானது. விசை என்ற துண்டின் எடையே குற்றவாளி. துப்பாக்கி தரையில் மோதிச் சட்டென்று நின்றபோது, கனமான விசை மட்டும் தன் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்து, விரல் இழுத்த வேலையைச் செய்துவிட்டது. கிளாக்கின் முகத் தகடு போன்ற தடை அதில் இல்லை. நிறுவனம் எடை குறைந்த விசையும் மாற்றிய உள்பாகங்களும் கொடுத்து இலவசமாகச் சரிசெய்து தருவதாக அறிவித்தது. அதற்குப் பிறகும் உறைக்குள் இருந்தபடியே வெடித்ததாக அமெரிக்காவில் வழக்குகள் வந்தன. விசையை இழுக்காமல் வெடிக்காது என்று நிறுவனம் மறுத்து வருகிறது. டீக்கடை இளைஞர்கள் இந்த ஒரு விஷயத்தில் முழுக்கத் தவறில்லை, 2017க்கு முந்தைய துண்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கீழே விழுந்தால் வெடிக்கும் ஆயுதம் எங்கள் ஊருக்குப் புதிதும் இல்லை. 1948 ஜூன் 16 காலையில் சுங்கை சிப்புட்டில் எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலுமாக மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அறிவிக்கப்பட்ட 12 ஆண்டு அவசரகாலம் தொடங்கியது அதிலிருந்துதான். அதன் பிறகு துரைமார்கள் இடுப்பில் துப்பாக்கி இல்லாமல் பெரட்டுக்கு (காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு) வரமாட்டார்கள் என்பது லயத்துப் பெரியவர்கள் சொல்லி வந்த கதை. அந்தக் காலத்தில் மலாயாவில் புழங்கிய ஸ்டென் துப்பாக்கி, பின்பக்கம் தரையில் இடித்தால் தானாகச் சுட்டுவிடும் என்று உலகம் முழுக்கக் கெட்ட பெயர் வாங்கியது. அதில் கோளாறு விசையில் இல்லை. மோதலில் உள்ளிருக்கும் கனமான போல்ட் பின்னால் ஓடி, திரும்பி வரும்போது தோட்டாவைத் தள்ளி வெடிக்க வைத்துவிடும். பொறி வேறானாலும் பி320இல் நடந்ததும் எடையும் மோதலும் சேர்ந்து செய்த வேலைதான்.

அவசரகாலம் 1960 ஜூலை 31 அன்று முடிந்தது. ஆயுதச் சட்டமும் அதே 1960ஐச் சேர்ந்தது. அதற்கு மேல் 1971இல் தண்டனையைக் கூட்டும் தனிச் சட்டம். சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. பொம்மைத் துப்பாக்கியாக இருந்தாலும் நிஜம்போல் தெரிந்தால் சிக்கல்தான். அதனால் பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கி வாங்கி விசை பழகலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள்.

சரி, பி99 வைத்திருப்பவர்களின் மற்ற அனுபவங்களுக்கு வருவோம். விசைக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்படுவது அந்தத் தளர்த்தும் பொத்தான். ஸ்லைடை மேலிருந்து கையால் கவ்வி இழுப்பவர்கள் தெரியாமலேயே அதை அழுத்திவிடுகிறார்கள். தயாராக இருக்கிறது என்று நினைத்து இழுத்தால் இரண்டு கிலோவுக்குப் பதில் நாலு கிலோ வரும். இடக்கைக்காரர்களுக்கு அதை எட்டுவதே வேலை. அதே பொத்தானைப் புகழ்பவர்களும் உண்டு, அவர்கள் சொல்வதில் எனக்கு அதிக நியாயம் தெரிகிறது. கிளாக்கைச் சுத்தம் செய்யக் கழற்ற வேண்டுமானால் முதலில் விசையை இழுத்தாக வேண்டும். குழலில் தோட்டா மிச்சம் இருப்பதை மறந்து இழுத்து உள்ளங்கையையும் தொடையையும் துளைத்துக்கொண்டவர்கள் அமெரிக்காவில் ஏராளம். பி99 ஏஎஸ்ஸில் பொத்தானை அழுத்தினால் போதும், விசையைத் தொட வேண்டியதில்லை.

மேகசினை விடுவிக்கும் நெம்புகோல் விசைக் காப்பின் அடியில் இருப்பது அமெரிக்கர்களுக்குப் பெரிய குறை. கட்டைவிரல் பொத்தானுக்குப் பழகியவர்கள் அவர்கள். பின்னால் வந்த பிபிகியூ மாடலில் அவர்களுக்காகவே பொத்தான் வைத்த ரகத்தை வால்தர் தனியாகச் செய்தது. பிடியைப் பற்றி மட்டும் யாரும் குறை சொல்வதில்லை. பின்பக்கத் துண்டைக் கை அளவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் வசதியைப் பரவலாக்கியது பி99தான். விசைப் பேச்சில் இது சின்ன விஷயமில்லை. சிறிய கை உள்ளவருக்கு, விசை முன்னால் நிற்கும் முதல் நிலையில் விரல் நுனி எட்டாமல் போகும். பின் துண்டை மெலிதாக மாற்றினால் அதே விசை கனம் குறைந்ததுபோல் தோன்றும், தராசில் வைத்தால் ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது.

இரட்டைக் கனம் வேண்டாம் என்பவர்களுக்கு வால்தர் வேறு ரகங்களும் செய்தது. கியூஏ என்பதில் ஊசி பாதி இழுபட்டே இருக்கும், எல்லா வெடிக்கும் ஒரே இழுப்பு, கிட்டத்தட்ட கிளாக் வழி. இன்னொரு ரகத்தில் ஒவ்வொரு வெடிக்கும் முழு நீளம், முழு கனம். போலீஸ் படைகள் எதை வாங்கின என்று பார்த்தால் ஒரு போக்கு தெரியும். ஜெர்மனியின் நோர்ட்ரைன் வெஸ்ட்ஃபாலன் மாநிலப் போலீஸும் நெதர்லாந்து போலீஸும் எடுத்தது ஒரே சீரான இழுப்புள்ள பி99 ரகங்களைத்தான். பயிற்சி நேரம் குறைவு, ஆட்கள் அதிகம் என்ற இடத்தில் மூன்று நிலைகளைக் கற்றுக்கொடுப்பதைவிட ஒன்றைக் கற்றுக்கொடுப்பது சுலபம். நிர்வாகம் அப்படித்தான் யோசிக்கும், யோசிக்கவும் வேண்டும்.

'சொந்தக்காரர் அனுபவம்' என்பதை நாம் எடைபோட வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் வாங்குபவரும் சுடுபவரும் கனத்தைத் தீர்மானிப்பவரும் ஒரே ஆள். விசை பிடிக்கவில்லையா, லேசான சுருள்வில்லோ புது விசையோ வாங்கி மாட்டிக்கொள்கிறார். அதற்கென்றே அங்கே ஒரு தனி வியாபாரம் நடக்கிறது. தவறுதலாக வெடித்தால் பொறுப்பும் அவருடையது. இங்கே துப்பாக்கியின் சொந்தக்காரர் அரசாங்கம். தூக்கிச் செல்பவர் வேறு, எத்தனை கிலோ என்று முடிவெடுப்பவர் வேறு. முடிவெடுப்பவருக்குக் குறி அட்டையில் ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது இரண்டாம் பட்சம். உறையிலிருந்து எடுக்கும்போது, சுவர் ஏறிக் குதிக்கும்போது, பயந்த கை இறுகும்போது வெடித்துவிடக் கூடாது என்பதே முதல் கவலை. அதனால் திடலில் குறையாகத் தெரியும் நாலு கிலோவைத்தான் அவர் பணம் கொடுத்து வாங்குகிறார்.

போட்டித் துப்பாக்கிச் சுடுதலில் இது தலைகீழ். ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் விசைக்குக் குறைந்தபட்சம் 500 கிராம் இருந்தால் போதும். 25 மீட்டருக்கு ஒரு கிலோ. 500 கிராமுக்குப் பழகிய விரலைக் கொண்டுவந்து, ஊசி தளர்ந்த பி99இன் முதல் வெடியில் வைத்தால் எட்டு மடங்கு கனம், நிச்சயம் திட்டுவார். டீக்கடை மேசையில் ஒரு பரிந்துரையைக் கேட்கும்போது, சொல்பவர் எந்த விரலோடு பேசுகிறார் என்று பார்த்தால் பாதி வாக்குவாதம் அங்கேயே கரைந்துவிடும்.

பி99 ஏஎஸ்ஸின் தயாரிப்பை 2023இல் ஒரு கடைசிப் பதிப்போடு வால்தர் முடித்துக்கொண்டது. அதன் இடத்தில் இப்போது விற்பது பிடிபி. எல்லா வெடிக்கும் ஒரே இழுப்பு, தளர்த்தும் பொத்தான் கிடையாது. விசை மிக நன்றாக இருக்கிறது என்றுதான் வாங்கியவர்கள் சொல்கிறார்கள். பழைய பி99 வைத்திருப்பவர்களோ மேகசின்களையும் சுருள்வில்களையும் இப்போதே சேர்த்து வைக்கிறார்கள். நீண்ட முதல் இழுப்பை வருஷக் கணக்காகத் திட்டியவர்களில் சிலரும் அந்த வரிசையில் நிற்கிறார்கள்.